டார்ச்சில் எந்த வெளிச்சம் முதலில் வர வேண்டும்? புதிதாக வாங்குபவர்களுக்கு

ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருந்தது. அறை விளக்கைப் போட்டால் தூக்கம் கலைந்துவிடும் என்று புதிதாக வாங்கிய டார்ச்சை எடுத்தேன். அழுத்தியதும் ஆயிரம் லூமென் (வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் அலகு) நேரே வெள்ளைச் சுவரில் அடித்து அறை முழுக்கத் திரும்பி வந்தது. எனக்குக் கண் கூசியது, குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. குறைக்கலாம் என்று பட்டனை லேசாக அழுத்தினேன், மீடியம் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன், லோ. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் விரல் ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட, ஸ்ட்ரோப், அதாவது பளிச் பளிச்சென்று விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சம், வெட்ட ஆரம்பித்தது. "முதல்ல அதை அணைங்க" என்றாள் மனைவி. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் ஹை. கடைசியில் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தி, விரல் இடுக்கில் சிவப்பாகக் கசிந்த வெளிச்சத்தில்தான் தெர்மாமீட்டர் எண்ணைப் படித்தேன்.

அந்த டார்ச்சில் பழுது எதுவும் இல்லை, சொன்ன வெளிச்சத்தைக் கொடுத்தது, பேட்டரியும் நன்றாக நின்றது. நான்தான் லூமென் எண்ணைப் பார்த்தேனே தவிர லோ, மீடியம், ஹை போன்ற மோட் எந்த வரிசையில் வரும் என்று பார்க்கவில்லை. அதற்கப்புறம் இன்னும் இரண்டு டார்ச் வாங்கி, அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பி, ஒருவழியாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்துப் படித்தால் போதும்.

1. எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள்

இப்போது வீட்டில் இருக்கும் பழைய டார்ச்சையோ போன் விளக்கையோ எப்போதெல்லாம் எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே, எவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்க்க, அந்த நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகியிருந்ததா இல்லையா. இது மூன்றும் போதும். நான் எழுதியபோது ஒரு வாரத்தில் 23 தடவை வந்தது, அதில் 17 கைக்கெட்டும் தூரம்: அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில், பூட்டின் சாவித்துளை, மருந்துப் பட்டையின் பின்பக்க எழுத்து. நடப்பதற்கு ஐந்து. தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க ஒரே ஒரு தடவை. நான் வாங்கியிருந்ததோ அந்த ஒரு தடவைக்கான டார்ச்.

கைக்கெட்டும் தூரத்துக்கு 1 முதல் 10 லூமென் போதும், இருட்டில் விழித்த கண்ணுக்கு 1 லூமெனே தாராளம். நடப்பதற்கு 50 முதல் 100. முன்னூறுக்கு மேலே போவதெல்லாம் தூரத்துக்கும் தேடுவதற்கும்தான்.

இரண்டு பக்கத்துத் தவறும் ஒரே அளவு தவறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த வெளிச்சத்தில் ஆரம்பித்து, போதவில்லை என்று ஒரு அழுத்து அழுத்தினால் நஷ்டம் அரை வினாடி. அதிக வெளிச்சத்தில் ஆரம்பித்துக் கண் கூசிவிட்டால், இருட்டில் மங்கலானதைப் பார்க்கும் திறன் முழுசாகத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு லோவில் ஆரம்பிக்கும் டார்ச்தான் சரி என்பது என் கட்சி. விதிவிலக்கு உண்டு. ராத்திரிக் காவல் வேலை பார்ப்பவர், தெருநாய் கூட்டமாக வரும் வழியில் நடப்பவர், மாடு அவிழ்த்துக்கொண்டு போனால் தேடப் போகிறவர், இவர்களுக்கு முதல் அழுத்திலேயே ஹை வர வேண்டும். உங்கள் தாளில் அந்த மாதிரி வரிகள் அதிகம் இருந்தால் நான் சொல்வதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. படிக்க வேண்டிய காகிதங்கள்

பெட்டியின் மேல் இருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பார்க்க வேண்டியவை இரண்டு: பயன்பாட்டுக் கையேடு, அதில் இருக்கும் மோட் அட்டவணை. வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளர் தளத்தில் கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

கையேட்டில் நான் முதலில் தேடுவது, அணைந்திருக்கும் நிலையில் ஒரு தடவை அழுத்தினால் என்ன வரும் என்ற வரி. அடுத்து, அணைந்த நிலையில் அழுத்திப் பிடித்தால் என்ன, இரண்டு தடவை அழுத்தினால் என்ன, எரியும்போது அழுத்திப் பிடித்தால் என்ன. மெமரி, அதாவது கடைசியாக எரிந்த மோடை நினைவில் வைக்கும் வசதி, இருக்கிறதா, இருந்தால் எந்த மோடை நினைவில் வைக்கும். ஸ்ட்ரோப் எங்கே ஒளிந்திருக்கிறது. இதற்கெல்லாம் கையேட்டில் பதில் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். "5 மோட் சார்" என்று மட்டும் பதில் வந்தால் அந்த ஐந்தில் ஸ்ட்ரோபும் எஸ்ஓஎஸ்ஸும் (ஆபத்தில் உதவி கேட்கும் ஒளிச் சைகை) இரண்டு, உங்களுக்கு உண்மையில் கிடைப்பது மூன்று என்று புரிந்துகொள்ளுங்கள்.

மோட் அட்டவணையில் ஆன்சி எஃப்எல்1 என்று போட்டிருந்தால் நல்லது, அது டார்ச்சுகளை அளக்கும் பொதுத் தரநிலை, 2009-இல் வந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். லூமென் எண் என்பது டார்ச்சைப் போட்ட 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுத்த அளவு. எரியும் நேரம் என்பது அந்த ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரம். அதாவது "1000 லூமென், 3 மணி நேரம்" என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமென் எரியும் என்று பொருள் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் ஆயிரம், அப்புறம் முன்னூறுக்கு இறங்கி மிச்ச நேரத்தை ஓட்டலாம், தரநிலைப்படி அதுவும் சரியே. வீச்சு தூரமும் அப்படித்தான். ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; அது 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா அளவு, மிஞ்சும் இடம் வரை அளக்கிறார்கள். 200 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தூரத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும், நிற்பது யார் என்று தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 18650 (டார்ச்சுகளில் போடும் ஒரு லித்தியம் பேட்டரி அளவு) பேட்டரி ஒன்று, 3000 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட் என்றால் சுமார் 10.8 வாட் மணி. டார்ச்சுக்கு வெளியே வரும் வெளிச்சம் வாட்டுக்குத் தோராயமாக 100 லூமென் என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கையிருப்பு ஆயிரத்துச் சொச்சம் லூமென் மணி. 1000 லூமெனில் ஒரு மணி நேரம், 100 லூமெனில் பத்து மணி நேரத்துக்கு மேல். இதைவிட ரொம்ப அதிகமாக யாராவது சொன்னால் நடுவில் வெளிச்சம் இறங்குகிறது, இல்லை எண்ணே பொய். 18650 அளவில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த பேட்டரியைப் பார்த்தால் தொடவே தொடாதீர்கள், நல்ல பேட்டரிகளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

3. லோ உண்மையிலேயே லோவா?

வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் படிகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய இரண்டாவது டார்ச் லோவில்தான் ஆரம்பித்தது, ஆனால் அந்த லோ 80 லூமென். ராத்திரி இரண்டு மணிக் கண்ணுக்கு 80 லூமென் என்பது முகத்தில் அறைவது மாதிரி. லோ என்று பெயர் வைத்தால் லோ ஆகிவிடாது.

நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. 500-ஐ 700 ஆக்கினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு படியும் முந்தினதைவிட மூன்று நான்கு மடங்காவது இருந்தால்தான் "ஆ, கூடியிருக்கிறது" என்று தோன்றும். 1, 10, 50, 200, 800 என்பது நல்ல ஏணி. 350, 600, 1000 என்பது ஒரே படிக்கு மூன்று பெயர். அதில் எந்த வரிசை வைத்தாலும் பயன் இல்லை. அட்டவணையில் மிகக் குறைந்த மோட் 10 லூமெனுக்கு மேலே இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஒரு லூமெனோ அதற்கும் கீழேயோ தரும் மூன்லைட் மோட் தனியாக இருந்தால் ரொம்ப நல்லது. பேட்டரி பக்கத்திலிருந்தும் லாபம்தான், ஒரு 18650 இந்த மோடில் பல நாள் விடாமல் எரியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், லோ அதிகமாக இருக்கிறது என்றால் கண்ணாடியில் ஒளி ஊடுருவும் வெள்ளை டேப் ஒட்டலாம் என்று தோன்றும். லோவில் பரவாயில்லை. ஹையில் போட்டால் சூட்டில் டேப் பசை உருகிக் கண்ணாடியில் படியும், அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு மாலை நேரம் போனது. கூரையைப் பார்த்து அடித்துக்கொள்வது மேல்.

4. வரிசையைக் காகிதத்தில் வட்டமாக வரைந்து பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். ஒரே பட்டனில் மாறும் மோட்கள் ஒரு வட்டம், கடைசி மோட் முடிந்ததும் முதலுக்கு வரும். லோ, மீடியம், ஹை என்று ஏறினாலும் ஹை, மீடியம், லோ என்று இறங்கினாலும் அதே மூன்றுதானே, எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் மட்டும்தானே வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஏறும் வரிசையில் மீடியத்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள். நின்று கையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்க லோ வேண்டும். மீடியத்துக்கு அடுத்தது ஹை, அதைத் தாண்டினால்தான் லோ. அதாவது வெளிச்சத்தைக் குறைக்க நினைத்த நேரத்தில், அரை அடி தூரத்தில் இருக்கும் வெள்ளைத் தாளில், முதலில் ஹை அடித்தே தீரும். இறங்கும் வரிசையில் இந்தத் தொல்லை இல்லை, மீடியத்துக்கு அடுத்தது லோ. ஆனால் லோவிலிருந்து மீடியத்துக்குப் போக ஹையைத் தாண்ட வேண்டும், ஆரம்பமும் ஹை. வட்டத்துக்குள் ஸ்ட்ரோபும் எஸ்ஓஎஸ்ஸும் சேர்ந்துகொண்டால் மீடியத்திலிருந்து லோவுக்கு வர நாலு அழுத்து, நடுவில் ஹை, ஸ்ட்ரோப், எஸ்ஓஎஸ் மூன்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆக, ஹை வட்டத்துக்குள் இருக்கும் வரை எந்த வரிசையும் முழுசாகச் சரிவராது. நான் தேடிப் பிடித்த வரிசை இது: சாதாரண வட்டத்தில் லோவும் மீடியமும், வேண்டுமானால் இன்னொரு மீடியமும், ஹை அல்லது டர்போ (டார்ச்சின் உச்ச வெளிச்சம்) மட்டும் வட்டத்துக்கு வெளியே இரட்டை அழுத்தில். வட்டத்துக்குள் எவ்வளவு தடுமாறினாலும் கண் கூசாது, ஹை வேண்டும் என்றால் எந்த மோடிலிருந்தும் டக் டக். இப்படிக் கிடைக்காவிட்டால் ஏறி இறங்கும் வரிசை, அதாவது லோ, மீடியம், ஹை, மீடியம், லோ என்று போகிற டார்ச் இருக்கிறதா பாருங்கள். வரும் வழியில் மீடியம் இரண்டு தடவை வருவதால் எந்தப் பக்கம் போகிறது என்று சில சமயம் மறந்துபோகும், அது ஒன்றுதான் குறை.

ஏறும் வரிசை டார்ச்தான் கையில் இருக்கிறது, மெமரியும் இல்லை என்றால் ஒரு தந்திரம். மீடியத்திலிருந்து லோவுக்குப் போக வட்டம் சுற்றாதீர்கள். முழுசாக அணைத்து, இரண்டு மூன்று வினாடி விட்டு மறுபடி போடுங்கள், லோவில் ஆரம்பிக்கும். அந்த இடைவெளியை விடாமல் உடனே போட்டால் டார்ச் அதை மோட் மாற்றச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஹைக்குப் போய்விடும்.

5. மெமரி வரிசையைக் கெடுத்துவிடும்

விளம்பரத்தில் மெமரியைப் பெரிய வசதியாகப் போடுவார்கள். கடைசியாக எந்த மோடில் அணைத்தீர்களோ அதே மோடில் மறுபடி எரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் கிணற்றுக்குள் பார்க்க ஹையில் போட்டு அணைத்தது, ராத்திரி இரண்டு மணிக்கு ஹையிலேயே எரியும். லோவில் ஆரம்பிக்கும் டார்ச் என்று தேடித் தேடி வாங்கி, மெமரி இருந்தால், வாங்கின பயனே போச்சு.

மெமரியில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். சொன்னபடி கடைசி மோடை நினைவில் வைப்பது ஒன்று. நீங்களே ஒரு மோடைத் தேர்ந்தெடுத்து, எப்போது போட்டாலும் அதே வரும்படி நிலையாக வைப்பது இன்னொன்று. இது அருமை, ஆனால் கொஞ்சம் டார்ச்சுகளில்தான் இருக்கிறது. மூன்றாவது மெமரியே இல்லை, ஆனால் மெமரி என்று சொல்லி விற்பார்கள்: ஒவ்வொரு தடவை போடும்போதும் அடுத்த மோட் வரும். நேற்று லோ என்றால் இன்று மீடியம், நாளைக்கு ஹை. நான் திருப்பி அனுப்பியது இந்த வகைதான். ஒரு நாள் முழுக்க என் விரல்தான் தப்பு செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதிப்பது எளிது. ஹையில் போட்டு ஐந்து வினாடி எரியவிட்டு அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஹை வந்தால் மெமரி, லோ வந்தால் மெமரி இல்லை. ஆனால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்தாதீர்கள், அடுத்த மோட் வகையிலும் ஹைக்கு அடுத்து லோதான் வரும், மெமரி இல்லாத மாதிரியே தெரியும். அதனால் லோவிலும் மீடியத்திலும் வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு தடவை. பேட்டரி மாற்றினால் சில டார்ச் நினைவை இழந்து பழைய நிலைக்குப் போய்விடும்.

மெமரி இருந்தும் தொல்லை இல்லாத டார்ச் உண்டு. அணைந்த நிலையில் பட்டனை அழுத்திப் பிடித்தால், கடைசி மோட் எதுவாக இருந்தாலும், நேரே மூன்லைட் வரும். ஒரு அழுத்து பழைய மோட், பிடித்தால் மிகக் குறைவு, இரட்டை அழுத்து மிக அதிகம். இந்த மூன்று நேர்வழியும் இருந்தால் வட்டம் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பற்றி அப்புறம் கவலையே வேண்டாம். நான் இப்போது வைத்திருப்பது இதுதான்.

6. பட்டன் எந்த வகை?

வால் பக்கத்தில் டக்கென்று அழுந்தும் பட்டன் இரண்டு வகை. லேசாகத் தொட்டாலே எரிந்து, முழுசாக அழுத்தினால் நிலைக்கும் வகை ஒன்று. இதில் எரிந்துகொண்டிருக்கும்போது பொதுவாக மோடை மாற்ற முடியாது, அணைத்துத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று முழுசாக அழுத்தி விட்டால்தான் எரியும். எரியும்போது அரை அழுத்து அழுத்தினால் மோட் மாறும். வீட்டுக்கு இரண்டாவது வசதி. ஒரு கணம் மட்டும் அடித்துப் பார்த்து விட வேண்டிய வேலை என்றால் முதலாவது.

பக்கவாட்டில் மெத்தென்று இருப்பது எலக்ட்ரானிக் பட்டன். அழுத்திப் பிடிப்பது, இரட்டை அழுத்து போன்ற நேர்வழிகள் பெரும்பாலும் இதில்தான் கிடைக்கும். பதிலுக்கு ஒரு செலவு உண்டு: அணைந்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பட்டனுக்காகக் காத்துக்கொண்டு துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். நல்ல டார்ச்சில் அது ஆண்டுக்கணக்கில் தாங்கும் அளவு சிறியது, மோசமானதில் சில மாதத்திலேயே பேட்டரி காலி. எப்போதாவது எடுக்கும் டார்ச் என்றால் வால் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்கள், பெரும்பாலான டார்ச்சில் தொடர்பு அறுந்துவிடும்.

7. ஸ்ட்ரோப் வட்டத்துக்குள் இருந்தால் வாங்காதீர்கள்

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வினாடிக்கு 3 முதல் 30 தடவை வெட்டும் வெளிச்சம், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தானது. டார்ச் ஸ்ட்ரோப் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் வெட்டுகின்றன. வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை என்றாலும் ஏணியில் நின்றுகொண்டு மோட் மாற்றும்போது ஸ்ட்ரோப் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எஸ்ஓஎஸ், மூன்று குட்டை மூன்று நெட்டை மூன்று குட்டை, வாழ்க்கையில் ஒரு தடவை வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் போகலாம். அதற்காகத் தினம் பத்துத் தடவை அதைத் தாண்டிப் போக வேண்டுமா? மூன்று அழுத்திலோ நீண்ட அழுத்திலோ இரண்டும் ஒளிந்திருந்தால் சரி. அந்த நீண்ட அழுத்து எவ்வளவு நீளம் என்றும் கையேட்டில் பாருங்கள். அரை வினாடி என்றால் தவறுதலாக வந்துவிடும், மூன்று வினாடி என்றால் பயமில்லை.

8. வரிசையை மாற்றிக்கொள்ளும் டார்ச் என்றால்

சில டார்ச்சில் மோட் கூட்டம் என்று இருக்கும், பத்து இருபது தடவை அழுத்தி, கண் சிமிட்டுவதை எண்ணி, வேறு கூட்டத்துக்கு மாறலாம். மூன்று மோட் கூட்டம், ஸ்ட்ரோப் இல்லாத கூட்டம் என்று எல்லாம் கிடைக்கும். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து.

டார்ச் பிரியர்கள் கொண்டாடும் ஆன்டுரில் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கும் டார்ச் கிடைத்தால் வரிசைப் பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லை. படிகளுக்குப் பதில் பிடித்துக்கொண்டே இருந்தால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஏறும், விட்டு உடனே பிடித்தால் இறங்கும். அணைந்த நிலையில் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சம், இரட்டை அழுத்தில் மிக அதிகம், நான்கு அழுத்தில் பூட்டு. ஆன்டுரில் 2-இல் எளிய நிலை, மேம்பட்ட நிலை என்று இரண்டு இருக்கின்றன. புதியவர்கள் எளிய நிலையிலேயே இருங்கள். நான் ஆர்வக்கோளாறில் முதல் நாளே மேம்பட்ட நிலைக்குப் போய், ஏதோ ஏழெட்டுத் தடவை அழுத்தி, மெழுகுவர்த்தி மாதிரி ஆடும் மோடில் மாட்டிக்கொண்டேன். அப்படி ஆனால் அணைத்துவிட்டுப் பத்துத் தடவை அழுத்தினால் எளிய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதுவும் உதவாவிட்டால், பல டார்ச்சுகளில் வால் மூடியைத் தளர்த்தி, பட்டனைப் பிடித்தபடியே இறுக்கினால் தொழிற்சாலை அமைப்புக்குப் போகும்.

எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பை ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் கையேட்டோடு வையுங்கள், டார்ச் பெட்டிக்குள் அல்ல, பெட்டிதான் முதலில் தொலையும்.

9. டர்போவின் செலவு

இரட்டை அழுத்தில் டர்போ வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதனால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் டார்ச் ஆயிரத்துக்கு மேல் லூமென் கொடுத்தால் ஒரு சில நிமிடத்தில் கை சுடும், டார்ச் தானாகவே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளும். அது பழுது அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. தவிர, மின்சாரம் அதிகமாகப் பாயப் பாய எல்இடியின் திறன் குறையும். இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேலே பேட்டரி கொடுக்கிறீர்கள்.

பைக்குள் வைக்கும்போது கட்டாயம் பூட்டுங்கள், பட்டன் பூட்டோ வால் மூடி தளர்த்தலோ ஏதோ ஒன்று. பைக்குள் தானாக டர்போ எரிந்து, துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம் விழுந்ததைப் பார்த்தபிறகு நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

10. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மூன்று ராத்திரி

கடையில் பகல் வெளிச்சத்தில் எல்லா டார்ச்சும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கி வந்ததும் பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையையும் பத்திரமாக வையுங்கள், திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு என்று பில்லில் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். முதல் ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் விழிப்பு வரும்போது கண்ணை முழுசாகத் திறக்காமல் போட்டுப் பாருங்கள். இரண்டாம் ராத்திரி நடந்து பாருங்கள், நடுவில் நின்று கைக்குள் ஏதாவது படியுங்கள், மறுபடி நடங்கள்; மீடியத்துக்கும் லோவுக்கும் போய்வர எத்தனை அழுத்து, எத்தனை தடவை கண் கூசியது என்று எண்ணுங்கள்.

மூன்றாம் ராத்திரி டார்ச்சை வீட்டில் இருக்கும் வேறொருவர் கையில், எதுவுமே சொல்லிக்கொடுக்காமல், கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு அழுத்தில் போட்டாள், ஒரு அழுத்தில் அணைத்தாள், "இதுல என்ன பெரிசா இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டாள். பெட்டியை அன்றைக்குத்தான் பழைய பேப்பரோடு போட்டேன்.